‘அந்த நாள்’ – இந்த நாளில்



பழைய திரைப்படங்களைப் பற்றிப் பேசப் புகுவோரில் இரு சாரார் உண்டு. பழையன யாவும் பொன்னே என்று போற்றுவோர் ஒரு சாரார். அந்தக் காலத்து நடிப்பையும் வசனத்தையும் கண்டு நகைப்போர் மறு சாரார். இவ்விரு சாராரையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, தமிழில் வெளிவந்த ஒற்றர் கதைப் படங்களுள் முதன்மையாக எண்ணத்தக்க ஒன்றை எடுத்து உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம். அப்படம் ‘அந்த நாள்’. 1954 ஆம் ஆண்டு ஏப்ரில் 13 ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டையொட்டி, ஏவி.எம். நிறுவனத்தார் அதனை வெளியிட்டனர். இயக்கியவர் எஸ். பாலசந்தர். திரைக்கதைக்கு உரையாடல் எழுதியதோடு, துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகத் திரையில் தோன்றியவர் ஜாவர் சீதாராமன். கதைநாயகன் ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். அவன் மனைவி உஷாவாக நடித்தவர் பண்டரிபாய்.

படத்தின் சிறப்பை உணர்வதற்கு அது பேசும் காலத்தை நாம் முதலில் நினைவுகூர்தல் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் 1942 ஆம் ஆண்டு பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதற்கு இரு மாதங்களுள் யப்பானியக் கடற்படை இந்து சமுத்திரத்துட் புகுந்தது. ஏப்ரில் 5 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று காலையில், கொழும்பின் மீது குண்டுகள் வீழ்ந்தன. நான்கு நாட்களின் பின் திருகோணமலை தாக்கப்பட்டது. கொழும்பில் வாழ்ந்தோர் அஞ்சி உள்நாட்டுக்கு ஓடினர். நம் ஊவா மாகாணமும் அந்த ஓட்டத்துக்குப் புகலிடமாயிற்று. கொழும்பு றோயல் கல்லூரியின் ஒரு பகுதி பண்டாரவளைக்கு வந்தது. குருத்தலாவையில் சென் தோமஸ் கல்லூரி 1942 இலேயே தோன்றிற்று. பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் கொழுந்து கொய்தவர்களுக்கு யுத்தம் என்பது அரிசித் தட்டுப்பாடாகவும், வானத்திற் கேட்கும் இரைச்சலாகவும், கங்காணியார் சொல்லும் செய்தியாகவும் வந்து சேர்ந்தது.

சென்னை மாநகருக்கும் அவ்வச்சம் புதிதன்று. 1914 இல் எம்டன் என்னும் ஜேர்மன் கப்பல் அந்நகரைச் சுட்ட நினைவு மக்கள் மனத்தை விட்டு அகலவில்லை. 1942 ஏப்ரிலிலே நகரம் பாதி வெறுமையாயிற்று. பின்னர் 1943 ஒக்டோபர் 11 ஆம் நாள் இரவு யப்பானிய விமானம் வந்து குண்டு வீசிற்று. அந்த இரவையே பாலசந்தர் தம் கதைக்குக் களமாகக் கொண்டார். படத்தின் பெயர் சுட்டும் ‘அந்த நாள்’ அதுவே.

கதையைச் சுருங்கச் சொல்வேன். படம் தொடங்கியதும் ஒரு வேட்டொலி. ராஜன் என்னும் வானொலிப் பொறியியலாளன் மார்பிற் குண்டுபட்டுச் சாய்கிறான். யார் அவன், ஏன் சுடப்பட்டான் என்று நாம் கேட்கு முன்னரே அவன் உயிர் நீங்கிவிடுகிறது. அண்டை வீட்டுக்காரர் சின்னையாபிள்ளை பொலிசாரிடம் ஓடுகிறார். துப்பறிய வந்த சிவானந்தம் ஒவ்வொருவராக விசாரிக்கிறார். சின்னையாபிள்ளை, ராஜனுடைய தம்பி பட்டாபி, தம்பியின் மனைவி ஹேமா, ராஜனோடு தொடர்புடைய நாட்டியக்காரி அம்புஜம் ஆகியோர் தத்தமக்குத் தெரிந்ததைச் சொல்கின்றனர். ஒவ்வொருவர் கூற்றிலும் ஒரு புதிய ராஜனை நாம் காண்கிறோம். ஒவ்வொருவர் விரலும் வேறொருவரைச் சுட்டுகிறது. இறுதியில், நாட்டின் இரகசியங்களை யப்பானியருக்கு வானொலி வழியே அனுப்பிய ஒற்றன் ராஜனே என்பதும், அவனைத் தடுக்க முயன்றவள் அவன் காதலித்து மணந்த உஷாவே என்பதும் வெளியாகின்றன. உஷா துப்பாக்கியை எடுக்கிறாள். அவள் நெஞ்சம் தயங்குகிறது. அந்தத் தடுமாற்றத்தில் துப்பாக்கி வெடித்துவிடுகிறது.

இனி, இப்படத்தில் நின்று நிலைப்பது யாது, காலத்தால் தேய்ந்தது யாது என்று பார்ப்போம்.

முதலாவது, படத்திற் பாட்டு இல்லை, ஆடல் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. தமிழ்ப் படம் ஒன்று இம்மூன்றும் இன்றி வெளிவந்தது அதுவே முதன்முறை. அதனை இயக்கிய பாலசந்தரோ வீணைக் கலைஞர். பிற்காலத்தில் வீணை பாலசந்தர் என்றே உலகம் அறிந்தவர். இசையே மூச்சாக வாழ்ந்தவர் தம் படத்திலிருந்து பாட்டை நீக்கினார் என்றால், இசையின் அளவை அவர் நன்கு அறிந்திருந்தார் என்பதே அதன் பொருள். கொலையுண்டவன் வீட்டிலே விசாரணை நடக்கும்போது பாட்டுக்கு இடமேது? ஆயினும் அக்காலத்து மக்கள் இதனை எளிதில் ஏற்றாரில்லை. பாட்டெங்கே என்று கொட்டகையில் இரைந்தவர்கள் உண்டு. முதல் வெளியீட்டில் படம் வெற்றி பெறவில்லை. இந்திய அரசாங்கத்தின் தேசிய விருதுகளில் நற்சான்றிதழ் பெற்றபின் மீண்டும் திரையிடப்பட்டபோதுதான் மக்கள் மதிப்பு அதற்குக் கிட்டிற்று.

இங்கே நம் மலைநாட்டு வாழ்க்கையோடு ஒட்டிய ஒரு செய்தியையும் எண்ணிப் பார்க்கலாம். 1950 களில் ஒரு படம் மடுல்சீமைக்கு வருமுன் அதன் பாட்டுகள் வந்துவிடும். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பே அவற்றின் தூதன். கடையிலோ உத்தியோகத்தர் விடுதியிலோ இருந்த ஒரு வானொலிப் பெட்டியைச் சூழ நின்று பாட்டைக் கேட்டவர்கள், பின்னர் பதுளைக்குச் சென்று படத்தைப் பார்ப்பார்கள். பாட்டில்லாத படத்துக்கு அந்தத் தூதன் இல்லை. ‘அந்த நாள்’ வானொலியைப் பற்றிய படம். ஆயினும் வானொலியில் ஒலிபரப்ப அதில் ஒரு பாட்டுக்கூட இல்லை! இன்னுமொன்று: பாலசந்தர் இவ்வகைக் கதையை முதலில் நாடகமாக எழுதி அகில இந்திய வானொலிக்கு அனுப்பினார் என்றும், அது ஏற்கப்படவில்லை என்றும் கூறுவர். வானொலி கைவிட்டதைத் திரை ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது, சிவாஜி கணேசனின் நடிப்பு. ‘மனோகரா’ வெளிவந்தது 1954 மார்ச் மாதம். சங்கிலியாற் பிணிக்கப்பட்ட நிலையில் அவர் முழங்கிய வசனங்களை மக்கள் மனப்பாடம் செய்துகொண்டிருந்த வேளை அது. ஆறு வாரங்களுக்குள் அதே நடிகர், குரலைத் தாழ்த்திப் பேசும் கல்விமானாக, சிரித்துக்கொண்டே வஞ்சகம் புரிபவனாக, மக்கள் அனுதாபத்தைக் கோராதவனாக ராஜன் வடிவிலே தோன்றுகிறார். புகழ் ஏறும் காலத்தில் தேசத்துரோகியின் வேடத்தை ஏற்பதற்குத் துணிவு வேண்டும். சாட்சிக்குச் சாட்சி ராஜன் மாறுகிறான்: அண்டை வீட்டார் கண்ட ராஜன் வேறு, தம்பி கண்ட ராஜன் வேறு, அம்புஜம் கண்ட ராஜன் வேறு. இவ்வேறுபாடுகளைச் சிவாஜி பார்வையாலும் நடையாலும் காட்டியிருப்பதை இன்று பார்ப்பவரும் குறை கூறார். மாருதிராவின் ஒளிப்பதிவும் அவ்வாறே. நிழல் படிந்த சுவர்களும், தாழ்ந்த கோணத்திற் காணும் முகங்களும் இன்றும் கண்ணை ஈர்க்கின்றன.

மூன்றாவது, கதை சொல்லும் முறை. யப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1950 இல் எடுத்த ‘ரஷோமொன்’ படத்தைப் பாலசந்தர் திரைப்பட விழாவொன்றிற் கண்டு வியந்தார். ஒரு குற்றத்தைப் பலர் பலவாறு சொல்லும் அம்முறை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. யப்பானிய ஒற்றனைப் பற்றிய தமிழ்ப் படத்துக்கு யப்பானியப் படமொன்றே தூண்டுகோலாயிற்று என்பது சுவையான முரண். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. ‘ரஷோமொன்’ படத்தில் ஒரே நிகழ்ச்சி நான்கு வகையாகச் சொல்லப்படும். எது உண்மை என்பது முடிவு வரை தெளியாது. ‘அந்த நாள்’ படத்திலே ஒவ்வொருவரும் வெவ்வேறு நிகழ்ச்சிகளைச் சொல்கின்றனர். ஈற்றில் உண்மை ஐயமறத் தெளிந்துவிடுகிறது. அவ்வகையில் அதே 1950 இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘தி வுமன் இன் குவெஸ்ச்சன்’ என்னும் படத்துக்கே இது நெருங்கியது என்று விமரிசகர் கூறுவர். எனினும் பாலசந்தரின் முறைக்கு ஒரு தனிப்பயன் உண்டு. சாட்சிகள் எவரும் முற்றாகப் பொய்யர் அல்லர். தாம் கண்டதைத்தான் சொல்கின்றனர். கண்டதிலிருந்து அவர்கள் கொண்ட ஐயமே பிழையாகிறது. அண்டை அயலாரின் ஐயம் எத்துணை எளிதாகப் பிறக்கிறது, எத்துணை உறுதியாக வேரூன்றுகிறது என்பதை இப்படம் போலக் காட்டிய தமிழ்ப் படங்கள் சிலவே.

இனிக் குறைகளையும் கூறவேண்டும். விசாரணைக் காட்சிகள் சில நீண்டு தளர்கின்றன. அதிகாரி தாம் கண்டறிந்ததைத் தாமே விளக்கி, அதனையே பிறர் வாயாலும் மீண்டும் சொல்விக்கிறார். நாட்டுப்பற்றைப் பற்றிய பேச்சுக்கள் இடையிடையே மேடைப் பேச்சாகிவிடுகின்றன. 1946 இல் ஆல்பிரட் ஹிட்ச்கொக் எடுத்த ‘நொட்டோரியஸ்’ படத்தையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். அங்கும் பகைவரின் ஆளாகிய கணவன் ஒருவன் இருக்கிறான். அவனை வேவு பார்க்கும் மனைவி இருக்கிறாள். ஆனால் ஹிட்ச்கொக் ஒரு திறவுகோலைக் கையிற் கொடுத்தே நம்மை மூச்சுத் திணற வைக்கிறார். அந்தச் சொற்சுருக்கம் ‘அந்த நாள்’ படத்தின் பிற்பகுதியில் இல்லை.

இதனினும் பெரிய குறை முடிவில் இருக்கிறது. உஷா என்னும் பாத்திரம் தமிழ்த் திரைக்குப் புதுமை. கல்லானாலும் கணவன் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட சமூகத்தில், கணவனைவிட நாடு பெரிது என்று ஒருத்தி துணிகிறாள். கண்ணகி கணவனுக்காக அரசை எதிர்த்து நின்றாள், மதுரை எரிந்தது. நம் மலைகளுக்குக் கிழக்கே மட்டக்களப்பு நாட்டில் இன்றும் அவளுக்கு விழா எடுக்கின்றனர். உஷா அதற்கு நேர்மாறாக, நகரம் எரியாதிருக்கும் பொருட்டுக் கணவனை எதிர்த்து நிற்கிறாள். இத்துணை வலிமையுள்ள ஒரு நிலையை அமைத்துவிட்டு, இறுதிக் கணத்திலே துப்பாக்கி தற்செயலாக வெடித்ததாகக் கதாசிரியர் ஒதுங்கிக்கொள்கிறார். உஷா சுட்டிருப்பாளா, சுட்டிருக்கமாட்டாளா? அவ்வினாவுக்கு விடை கூற அவர் அஞ்சினார். பண்டரிபாயின் முகம் அவ்வச்சத்தை ஓரளவு மறைத்துவிடுகிறது. அந்தத் தயக்கத்தின் வேதனையை அவர் காட்டும்போது நாம் சட்டத்தையும் தற்செயலையும் மறந்து அவளோடு நிற்கிறோம்.

நேயர்களே, கலைத்திறனைப் பற்றி இவ்வளவு கூறினேன். இனி இப்படம் எழுப்பும் அறக்கேள்விக்கு வருவோம். ராஜன் ஏன் துரோகியானான்? அவன் திறமைசாலி. அவனது கண்டுபிடிப்பை அரசாங்கம் மதிக்கவில்லை. அந்தப் புறக்கணிப்பு நஞ்சாகி அவனைப் பகைவரிடம் சேர்த்தது. உஷாவின் வாயிலாகப் படம் அவனைக் கண்டிக்கிறது. ஆனால் 1943 ஆம் ஆண்டில் அந்த ‘நாடு’ எவருடையது? சென்னையை ஆண்டவர் ஆங்கிலேயர். ராஜன் மாய்ந்த அந்த நாளுக்கு ஒரு மாதத்துக்கு முன், 1943 செப்டெம்பர் 10 இல், அதே சென்னைச் சிறையில் வக்கம் அப்துல் காதர் என்னும் இளைஞர் தூக்கிலிடப்பட்டார். மலாயாவிலே பயிற்சி பெற்று, யப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் மலையாளக் கரைக்கு வந்திறங்கியவர் அவர். ஆங்கில அரசுக்கு அவர் ஒற்றர். இன்று கேரள மக்களுக்கு அவர் தியாகி. அந்த நாளுக்குப் பத்து நாட்களின் பின், ஒக்டோபர் 21 இல், சிங்கப்பூரிலே சுபாஸ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை நிறுவினார். அவருடைய படையிற் சேர்ந்தோரில் மலாயாவின் றப்பர்த் தோட்டத் தமிழர் பலர். தமிழ்நாட்டின் ஒரே ஊரிலிருந்து புறப்பட்ட குடும்பங்களிலே ஒரு கிளை மலாயாவில் றப்பர் வெட்டச் சென்றது. மறு கிளை ஊவாவில் தேயிலை பயிரிட வந்தது. நம் உறவினரே அங்கு அந்தப் படையில் நின்றனர்.

நம் நாட்டிலும் இதுபோன்ற நிகழ்ச்சி உண்டு. 1942 மே 8 ஆம் நாள் இரவு, கொக்கோஸ் தீவுகளிலே காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் கிரேஷன் பெர்னாண்டோ என்பாரின் தலைமையிற் கிளர்ந்தெழுந்தனர். தீவை யப்பானியர் கையிற் சேர்ப்பிப்பது அவர்கள் எண்ணம். முயற்சி தோற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் மூவர் வெலிக்கடைச் சிறையிலே தூக்கிலிடப்பட்டனர். இவர்கள் துரோகிகளா, விடுதலை வேட்கையினரா? வரலாற்றாசிரியர் இன்றும் விவாதிக்கின்றனர்.

‘அந்த நாள்’ இந்த வன்மையான வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை. சொந்த மனக்குறைக்காகத் துரோகம் செய்த ஒருவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, எளிதில் தீர்ப்புக் கூறிவிட்டது. எனினும் உஷாவின் பக்கத்தில் ஒரு நியாயம் எஞ்சி நிற்கிறது. அதனை நாம் தள்ள இயலாது. விமானத்திலிருந்து வீழும் குண்டு ஆள்பவரைத் தேடிச் செல்வதில்லை. கொழும்பிலே உயிர்த்த ஞாயிறன்று அங்கொடை மனநோய் மருத்துவமனை மீதும் குண்டு வீழ்ந்தது. அங்கிருந்த நோயாளர் எந்தச் சாம்ராச்சியத்தை ஆண்டனர்? ராஜன் அனுப்பிய செய்திகளின் விலையைச் செலுத்துவோர் அவனுடைய தெருவில் வாழ்வோரே. இதனை அவன் அறிந்திருந்தான், அறிந்தும் அனுப்பினான். அவனுடைய குற்றம் அங்கே இருக்கிறது.

படம் வெளிவந்த ஆண்டை மீண்டும் நினைவுபடுத்துகிறேன்: 1954. அவ்வாண்டு சனவரி 18 ஆம் நாள்தான் நேருவும் சேர் ஜோன் கொத்தலாவலையும் ஓர் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டனர். அது எவரைப் பற்றியது? 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட நம் தோட்டத்து மக்களைப் பற்றியது. 1947 தேர்தலில் வாக்களித்தவர்கள் 1952 தேர்தலில் வாக்கற்றோராயினர். இத்தகைய மக்கள் மூன்று மாதங்களின் பின் ‘அந்த நாள்’ படத்தைப் பார்த்தபோது, நாடே பெரிது என்று உஷா கூறுவதைக் கேட்டு என்ன எண்ணியிருப்பர்? எந்த நாடு என்று ஒருவர் மெல்லக் கேட்டிருந்தால் அருகில் இருந்தவர் என்ன விடை கூறியிருப்பார்?

ராஜனுக்கு நாடு இருந்தது, மதிப்புத்தான் இல்லை. நம் மக்களுக்கோ இரண்டும் மறுக்கப்பட்டன. புறக்கணிப்பு மனிதனைத் துரோகியாக்கும் என்பது விதியானால், அவ்விதி மலைநாட்டிலேதான் முதலில் மெய்ப்பட்டிருக்க வேண்டும். மெய்ப்படவில்லை. காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தார்கள், கொழுந்து நிறுத்தார்கள், நாட்டின் ஏற்றுமதியைத் தாங்கினார்கள். 1952 இல் இலங்கை இந்தியக் காங்கிரசார் கொழும்பிலே மாதக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தபோதும் அறவழியே நின்றார்கள். 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. பதுளையிலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்றோரை வழியனுப்பிய அந்த இரயிலுக்கு ‘அழுகைக் கோச்சி’ என்று பெயராயிற்று. எஞ்சியோருக்கு, பல சட்டங்களின் பின், 2003 ஆம் ஆண்டு 35 ஆம் இலக்கச் சட்டத்தாலேயே குடியுரிமை முழுமை பெற்றது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அடையாள அட்டையின்றி வாழ்ந்தோரை நீ எந்த நாட்டான் என்று பலர் கேட்டனர். சின்னையாபிள்ளையின் ஐயம் போன்றதே அந்த ஐயமும். கேட்டவர்கள் பொய்யர் அல்லர்; ஆயினும் அவர்கள் ஐயம் பிழையானது. இதனை மனத்திற்கொண்டு பார்க்கும்போது, படத்தின் முற்பகுதி, அதாவது அயலார் ஐயுறும் பகுதி, அதன் பிற்பகுதியினும் உண்மையானதாக எனக்குத் தோன்றுகிறது.

வானொலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராஜன் வானொலியைக் கொண்டு நகரத்தைக் காட்டிக் கொடுத்தான். அதே கருவி இலங்கையைக் காத்த வரலாறும் உண்டு. 1942 ஏப்ரில் 4 ஆம் நாள், கொக்கலையிலிருந்து புறப்பட்ட கட்டலினா விமானத்தை ஓட்டிய லெனாட் பேர்ச்சல் என்னும் கனேடிய வீரர், தெற்கே வந்துகொண்டிருந்த யப்பானியக் கடற்படையைக் கண்டார். தப்பி ஓடாமல் அச்செய்தியை வானொலியில் அனுப்பிக்கொண்டேயிருந்தார். விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, அவர் சிறைப்பட்டார். அந்தச் செய்தி கொழும்பை எச்சரித்தது. ஒரே அலை, அனுப்பியவர்கள் இருவர். ஒருவர் தம்மை நம்பியிருந்தோரை எண்ணினார். மற்றவன் தன் மனக்குறையை எண்ணினான்.

முடிவாக, ‘அந்த நாள்’ நிலைத்து நிற்கிறதா? நிற்கிறது என்பதே என் துணிபு. பாட்டு நீங்கிய துணிவும், சிவாஜி கணேசனின் அடக்கமும், பண்டரிபாயின் வேதனையும், ஒளியும் நிழலும் இன்றும் மங்கவில்லை. நீண்ட விளக்கங்களும் அஞ்சிய முடிவும் தேய்ந்த பகுதிகள். அது கேட்கத் தவறிய வினாக்களையோ நாமே கேட்டுக்கொள்ளலாம். இன்று இப்படத்தை வீட்டிலிருந்தபடியே காண முடிகிறது. இளைஞர்கள் தம் பெற்றோரோடும் பாட்டன் பாட்டியரோடும் ஒருங்கிருந்து பார்ப்பார்களாயின் நன்று. படம் முடிந்தபின் அந்த முதியோரிடம், அவர்கள் காலத்தில் அவர்களை எவரெவர் ஐயுற்றனர், எவரெவர் நம்பினர் என்று கேளுங்கள். அவர்கள் கூறும் வாக்குமூலங்களும் பதிவாக வேண்டியவையே.